செக்‌ஷன் 8 வாடகை: உறையில் வரும் பணத்தை வாங்காதீர்கள்

செக்‌ஷன் 8 என்பது வருமானம் குறைந்தவர்களின் வாடகையில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு கட்டும் திட்டம். உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி அதை நடத்துகிறது. போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில், இந்தத் திட்டத்தில் வீட்டை வாடகைக்கு விடும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, வீட்டுக்கு 2,200 டாலர் சொன்னேன். ஹவுசிங் அத்தாரிட்டி 2,050தான் ஒத்துக்கொண்டது. மீதி 150ஐ குடிவரும் அம்மா Zelle வழியாக என் வங்கிக் கணக்கில் போடுகிறேன் என்கிறார். வாங்கிக்கலாமா?"

எனக்குப் பகீரென்றது. நியூஜெர்சியில் முதல் வீட்டை வாடகைக்கு விட்டபோது நான் செய்த அதே தவறு.

தனியாக வாங்கும் பணம்

இந்த உதவிக்கான சீட்டுதான் வவுச்சர். அதை வைத்திருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கட்டுவார். மீதியை அத்தாரிட்டி நேராக நமக்கு அனுப்பும். இரண்டும் சேர்ந்ததுதான் வாடகை. மானியம் இல்லாத அக்கம்பக்கத்து வீடுகளின் வாடகையோடு ஒப்பிட்டுத்தான் அதற்குச் சம்மதிப்பார்கள். அதற்கு மேல் ஒரு டாலர் கேட்கவும் கூடாது, தானாகக் கொடுத்தால் வாங்கவும் கூடாது. வாங்கியிருந்தால் உடனே திருப்பித் தர வேண்டும். அத்தாரிட்டியோடு நாம் போடும் ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

என் வீட்டில் இருந்த அம்மா முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு உறை தருவார். உள்ளே ஏழு இருபது டாலர் நோட்டு, ஒரு பத்து. அவராகத்தானே தருகிறார் என்று 16 மாதம் வாங்கினேன். வருடாந்திர வருமானச் சரிபார்ப்பில் வாடகைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டபோது அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். எனக்குக் கடிதம் வந்தது. 2,400 டாலரையும் ஒரே செக்காகத் திருப்பினேன்.

பணம் போனதைவிட இன்றும் உறுத்துவது வேறு. பல வருடம் வெயிட்டிங் லிஸ்டில் காத்திருந்து அவர் வாங்கிய வவுச்சருக்கே என்னால் ஆபத்து வந்தது. நல்லவேளை, தப்பியது.

"பார்க்கிங்குக்கு" என்று பெயர் மாற்றி வாங்கலாமே என்பார்கள். மாடியில் மானியம் இல்லாமல் இருப்பவர் சும்மா நிறுத்தும் இடத்துக்குக் கீழே இருப்பவரிடம் மட்டும் காசு கேட்பதும் இதே தவறுதான்.

சோதனையை லேசாக நினைப்பது

வீடு குடியிருக்கத் தகுந்ததா என்று அத்தாரிட்டி சோதிக்கும். எங்கள் வீட்டில் அடுப்பின் பின்பக்க பர்னர் ஒன்று பற்றவில்லை, அதற்கே ஃபெயில். உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். மற்றவற்றுக்குப் பொதுவாக 30 நாள். நாம் செய்யாமல் விட்டால் அத்தாரிட்டி தன் பங்கை நிறுத்திவிடும். அப்புறம் அந்தத் தொகையைக் குடியிருப்பவரிடம் கேட்க முடியாது. அது வரவில்லை என்று அவரை வெளியேற்றவும் முடியாது.

"வவுச்சர் வேண்டாம்" என்று விளம்பரம்

நியூஜெர்சியில் சட்டவிரோதம்.

வாடகையைத் திடீரென்று ஏற்றுவது

குடியிருப்பவரோடு போட்ட முதல் வாடகை ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஏற்றவே கூடாது. அப்புறமும் 60 நாள் முன்னதாக அத்தாரிட்டிக்கு எழுத வேண்டும்.

வெளியேற்றும் நோட்டீஸ்

நகல் அத்தாரிட்டிக்கும் போக வேண்டும்.

சொந்தக்காரருக்கு விடுவது

பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை யாருக்கும் இந்தத் திட்டத்தில் விட முடியாது. குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்து, அவருக்கு அந்த வீடுதான் தோது என்றால், அத்தாரிட்டி விதிவிலக்கு தரலாம்.

கோயிலில் கேட்ட தம்பியிடம் ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.