ஜெராக்ஸ் கடைக்கு ஆதாரை அனுப்பும் முன்

பிரிண்ட் எடுக்க வேண்டுமா, 'இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க' என்பதுதான் இன்று பெரும்பாலான ஜெராக்ஸ் கடைகளில் வழக்கம். அனுப்பிய ஆதார் கோப்பு கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கி, தாள் உங்கள் கைக்கு வந்த பிறகும் அங்கேயே கிடக்கும். 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்தால் வாட்ஸ்அப் உரையாடலில் இருந்துதான் மறையும். கணினியில் சேமித்தது போகாது. கடைக்காரரை நீங்கள் நம்பலாம். ஆனால் அதே கணினியில் உட்காரும் மற்றவர்களை உங்களுக்குத் தெரியாது.

முதலில் மறைத்த ஆதாரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய், பதிவிறக்கும் பக்கத்தில் 'மாஸ்க்டு ஆதார்' கட்டத்தை டிக் செய்யுங்கள். டிக் செய்ய மறந்தால் முழு எண்ணோடுதான் இறங்கும். டிக் செய்தால் 12 இலக்கங்களில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் எல்லாம் அப்படியே இருக்கும் என்பதால் இதையும் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள். லாட்ஜில் அறை எடுப்பது போன்ற அடையாளத் தேவைக்கு இது போதும்.

பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. நம் ஊரில் இனிஷியல்தான் குழப்பும். ஆதாரில் பெயர் 'ஆர்.முருகன்' என்று இருந்தால் ஆர், புள்ளி, எம், யு ஆகியவைதான் அந்த நான்கு. புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு. பெயரும் வயதும் தெரிந்த எவரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு இது. ஆகவே கோப்பு பூட்டியிருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். பாஸ்வேர்டைச் செய்தியில் எழுதி அனுப்பாமல் கடையில் நீங்களே தட்டுங்கள்.

வாட்ஸ்அப்பைவிட, அந்த ஒரு கோப்பு மட்டும் உள்ள பென்டிரைவ் மேல். பிரிண்ட் முடிந்ததும் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூன்றையும் காலி செய்யச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் ஆவணம். கோணலாக விழுந்த தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

முழு எண் தெரியும் நகல்தான் வேண்டும் என்று வங்கியில் கேட்டால், எதற்காகத் தருகிறீர்கள் என்பதையும் தேதியையும் நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்து வெற்றிடத்தில் போட்டால் அதை மறைத்து மறுபடி நகல் எடுத்துவிடலாம்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் வங்கியின் பெயர், ஆதார் எண், விரல்ரேகை மூன்றும் போதும். ஓடிபி கிடையாது, பின் நம்பரும் கிடையாது. பத்திரங்களில் பதிந்த ரேகையை வைத்துப் போலி ரேகை செய்தவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். எனவே மைஆதாரிலோ எம்ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். விரல், கருவிழி, முகம் மூன்றுமே அடைபடும். ஓடிபி வழக்கம்போல் வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பூட்டியதை மறந்து ரேஷன் கடைக்குப் போனால் விரல்ரேகை ஏற்காது. தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், வீட்டிலேயே திறந்துவிட்டுக் கிளம்பாமல் வரிசையில் உங்கள் முறை நெருங்கியதும் திறவுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பூட்டினால் இதை அவர்களோடு போகிறவருக்கும் சொல்லி வையுங்கள்.

மாதம் ஒருமுறை மைஆதார் தளத்தில் அங்கீகார வரலாற்றை, அதாவது உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலைப் பாருங்கள். கடந்த 6 மாதப் பதிவுகள் தெரியும். நீங்கள் விரல் வைக்காத நாளில் பயோமெட்ரிக் பதிவு இருந்தால் உடனே பூட்டிவிட்டு ஆதார் உதவி எண் 1947-க்கு அழையுங்கள். பணமே போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930, அடுத்து வங்கி.