ஷோகன் 2: சோசோகாபே குலத்தோடு ஜப்பானைப் பிடிப்பது எப்படி

‘டோட்டல் வார்: ஷோகன் 2’ என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது 2011-இல். பழைய ஆட்டம்தான், ஆனால் சுமாரான லேப்டாப்பிலும் ஓடும், இன்றும் அலுக்காது. நான் முதல் தடவை ஆடியபோது, வழி திறந்து கிடக்கிறதே என்று சீக்கிரமே தலைநகரான கியோட்டோவில் நுழைந்துவிட்டேன். அதன்பின் நேற்றுவரை வியாபாரம் செய்தவன்கூடப் படையோடு வந்து நின்றான். பத்துப் பதினைந்து டர்னில், அதாவது ஆட்ட முறையில், கதை முடிந்தது. அந்த அடி வாங்கிக் கற்ற பாடங்கள்தான் கீழே இருப்பவை.

படி 1: குலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆட்டம் 1545-இல் தொடங்குகிறது. ஓனின் போர் எனும் உள்நாட்டுப் போர் 1467-இல் வெடித்த பிறகு ஷோகனின், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவரின், பேச்சை யாரும் கேட்பதில்லை. ஊருக்கு ஒரு டைம்யோ, அதாவது குறுநிலத் தலைவர். புதியவர்கள் பலர் ஓடா குலத்தை எடுப்பார்கள், அக்காலத்தின் புகழ்பெற்ற டைம்யோ ஓடா நொபுனாகாவின் பெயர் அப்படி. வேண்டாம். நாட்டின் நடுவில் நான்கு பக்கமும் பகையோடு மாட்டிக்கொள்வீர்கள்.

ஷிகோக்கு தீவின் தெற்கே, தோசா மாகாணத்தில் இருக்கும் சோசோகாபேயை எடுங்கள். சுற்றிலும் கடல். இவர்களுக்கு விவசாய வருமானம் கூடுதல், வில் வீரர்களும் நல்ல தரம். வரலாற்றிலும் சோசோகாபே படை பாதி உழவர், பாதி வீரர்தான். வயலில் வேலை செய்யும்போதே கவசத்தையும் ஈட்டியையும் பக்கத்தில் வைத்திருப்பார்களாம்.

கடினம்: நார்மல். நீளம்: குறுகிய கேம்பெயின். 1575-க்குள் கியோட்டோவையும் சேர்த்து 25 மாகாணம் பிடிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு ஒரு டர்ன். ஆக ஏறத்தாழ 120 டர்ன் கையில் இருக்கிறது.

படி 2: முதலில் சோறு

இந்த ஆட்டத்தில் பணத்தின் பெயரே கோக்கு. ஒரு ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்பது அதன் பழைய கணக்கு. அதனால் முதல் செலவு வயலுக்கு. கோட்டையை உயர்த்த உயர்த்த, சந்தையைப் பெரிதாக்க ஆக்க, உணவு குறையும். உணவு சைபருக்குக் கீழே போனால் ஊர் ஊராகக் கலகம். மிச்சம் இருந்தாலோ ஊர்கள் தானாக வளரும். அழகாக இருக்கிறதே என்று எல்லாக் கோட்டையையும் உயர்த்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எல்லையில் ஒன்று, படை திரட்ட ஒன்று, போதும்.

வரியைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். புதிதாகப் பிடித்த மாகாணம் முறைத்தால் அதற்கு மட்டும் வரி விலக்கு தரலாம். சில பருவங்களில் அடங்கிவிடும்.

படி 3: படை

கடுங்கவசம் பூண்ட சாமுராய்களைப் பார்த்து மயங்காதீர்கள், அப்புறம் சம்பளம் கொடுத்தே கல்லா காலியாகும். யாரி அஷிகாரு எனும் ஈட்டி ஏந்திய சாதாரண வீரர்களே முதுகெலும்பு. அவர்களை ஈட்டிச் சுவர் அமைப்பில் நிறுத்தினால் நேராக மோதும் குதிரைப்படை சிதறிப்போகும். பின்னால் ஐந்தாறு வில் அணிகள். தளபதியின் குதிரைகளைக் கடைசிவரை மறைத்து வைத்து, எதிரியின் வில் வீரர்கள்மேல் விடுங்கள். ஈட்டிமேல் மட்டும் விடாதீர்கள். வாள் வீரர்கள் ஈட்டிச் சுவரின் பக்கவாட்டில் நுழைந்தால் ஆபத்து, அங்கே ஒரு கண் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் எதிரி மண்ணில் படையை நிறுத்தாதீர்கள். சண்டையே இல்லாமல் ஆள் குறையும்.

படி 4: நான்கும் ஒன்பதும்

ஷிகோக்கு என்ற பெயருக்கே நான்கு நாடுகள் என்று பொருள்: தோசா, இயோ, அவா, சனுக்கி. இந்த நான்கையும் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் முடியுங்கள். ஊரைப் பிடித்ததும் கொள்ளையிடவா என்று ஆட்டம் கேட்கும். பணம் வரும், ஆனால் தலைவரின் மானம் கெடும். பிறகு உடன்படிக்கை போட எவனும் முன்வரமாட்டான்.

அடுத்து கிழக்கே பார்க்கத் தோன்றும். மேற்கே போங்கள். அங்கே கியூஷு தீவு, ஒன்பது மாகாணம். அதை முடித்தால் முதுகுப் பக்கம் கடல் மட்டுமே. வரைபடத்தின் மேற்கு விளிம்புக் கடலில் வியாபாரப் புள்ளிகள் சில உண்டு. எவனும் வருமுன் வியாபாரக் கப்பல்களை அங்கே நிறுத்துங்கள். கப்பல் சேரச் சேர சரக்கும் கூடும். அந்தச் சரக்கு விலைபோகக் கூட்டாளிகள் வேண்டும், அதனால் தூரத்துக் குலங்களோடு வியாபார உடன்படிக்கை போட்டுக்கொண்டே இருங்கள்.

படி 5: நின்றுவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். குல விவரத் திரையில் புகழ்க் கோடு ஒன்று இருக்கும். மாகாணம் பிடித்தாலும் பெரிய சண்டை ஜெயித்தாலும் அது ஏறும். நிரம்பினால், அல்லது கியோட்டோவைத் தொட்டால், ஷோகன் உங்களை நாட்டின் எதிரி என்று அறிவிப்பார். ஆடுபவர்கள் இதை ‘ரெல்ம் டிவைட்’ என்பார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் உங்கள்மேல் பாய்வார்கள், உறவு டர்னுக்கு டர்ன் கெடும், வியாபாரக் கூட்டாளிகளும் போய்விடுவார்கள்.

இது ஆட்டக்காரர்களை வதைக்கச் செய்த கற்பனை அல்ல. 1568-இல் நொபுனாகா கியோட்டோவில் நுழைந்ததும் நடந்தது இதுதான். அவர் கைகொடுத்து ஷோகனாக்கிய அஷிகாகா யோஷியாகியே பிறகு அவருக்கு எதிராக ஆள் சேர்த்தார்.

நான்கும் ஒன்பதும் பதின்மூன்று. என் ஆட்டங்களில் பதினைந்தை ஒட்டிக் கோடு நிரம்பிவிடும். ஆகவே பதின்மூன்று மாகாணத்தில் நின்று, புகழ்க் கோட்டின்மேல் ஒரு கண் வைத்தபடி இரண்டு மூன்று ஆண்டு சும்மா இருங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். இருபது அணி கொண்ட முழுப் படை மூன்று, கடல் காக்க ஒரு கப்பற்படை, வியாபாரமே இல்லாவிட்டாலும் எட்டுப் பத்து டர்ன் சம்பளம் போட கோக்கு: இவை சேரும்வரை நகராதீர்கள்.

படி 6: கடலைத் தாண்டுங்கள்

1560 வாக்கில் இரண்டு படைகளோடு, கியோட்டோ இருக்கும் பெரிய தீவான ஹோன்ஷுவில் இறங்குங்கள், மூன்றாவது வீட்டைக் காக்கட்டும். மேற்கு முனையில் மோரி குலம் இருந்தால் முதல் அடி அவர்களுக்கு. கடற்படையில் கெட்டிக்காரர்கள், விட்டு வைத்தால் உங்கள் துறைமுகங்களை அடைப்பார்கள். போர் அறிவிப்புகள் வரிசையாக வரும்போது பதறாதீர்கள். எல்லோரும் பகைதான், ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர முடியாது. வருகிறவர்களைக் கோட்டைக்குள் இருந்து சந்தியுங்கள். சுவர் ஏறுகிறவர்களை உங்கள் வில் வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எதிரிகள் களைத்ததும் அடுத்த மாகாணம்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். வெறும் 25 போதாது, வெற்றிப் பட்டியலில் பெயர் சொல்லிக் கேட்கும் மாகாணங்களும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை 1574-இல் திறந்து பார்த்த ஆள் நான்.