1848: புரட்சிக்குக் காரணம் தேடுவது எப்படி?

ஐரோப்பிய வரலாறு நடத்துகிறவன் நான். 1848-ல் ஐரோப்பாவின் பல நாடுகளில் புரட்சி வெடித்தது ஏன் என்ற கேள்விக்கு 'வறுமை, அடக்குமுறை, தாராளவாதம், தேசியவாதம்' என்று நான்கு சொற்களோடு விடையை முடித்துவிட்டால் எனக்கு மனசே ஆறாது. இந்த நான்கும் 1840-லும் இருந்தனவே, அப்போது ஏன் வெடிக்கவில்லை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதலில் தேதிகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். பிரான்ஸை எடுத்துக்கொள்வோம். 1848 பிப்ரவரி 24-ல் மன்னர் லூயி பிலிப் முடி துறந்தார். முந்தைய இரவு பாரிஸில் வெளியுறவு அமைச்சகத்தின் முன்னால் கூடியிருந்தவர்களைப் படை சுட்டது. பிணங்களை வண்டியில் ஏற்றி, தீப்பந்த வெளிச்சத்தில் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். விடிவதற்குள் நகரமெங்கும் தடுப்பரண்கள். சரி, கூட்டம் எதற்குக் கூடியது? 22-ஆம் தேதி நடக்கவிருந்த விருந்தை அரசு தடுத்ததில் தொடங்கிய கலகம் அது. அரசியல் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், விருந்து என்ற பெயரில் கூடி வாக்குரிமை கேட்டார்கள். ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவருக்குத்தான் வாக்கு. சுமார் மூன்றரைக் கோடி மக்களில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர்தான் வாக்காளர்கள். இப்படித் தோண்டிக்கொண்டே போனால் 'அடக்குமுறை' என்ற சொல்லுக்கு உருவம் கிடைத்துவிடும்.

அடுத்து விலைவாசி. இங்கே அவசரப்படாதீர்கள். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய், 1846-ல் தானிய விளைச்சலும் மோசம். 1847 ஏப்ரலில் பெர்லின் சந்தையில் கிழங்குக் கடைகளைச் சூறையாடினார்கள். ஆனால் அரியணை ஆடவில்லை. புரட்சி வந்தபோது தானிய விலை இறங்கிவிட்டிருந்தது. பசி நேராகப் புரட்சியாக மாறவில்லை. கூலி முழுவதும் ரொட்டிக்கே போனதால் துணி வாங்க ஆளில்லை. பட்டறைகள் முடங்கின, கைவினைஞர்கள் வேலையிழந்தார்கள். தடுப்பரண்களில் நின்றவர்களில் நிறையப் பேர் இவர்கள்தான்.

தேசியவாதத்தையும் இப்படிக் கைக்கெட்டும் பொருளில் தேடுங்கள். 1848 ஜனவரியில், ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்த இத்தாலிய நகரமான மிலானின் மக்கள் புகைப்பதையே நிறுத்தினார்கள், புகையிலை வருமானம் ஆஸ்திரியாவுக்குப் போகக் கூடாதென்று.

அப்புறம், பலரும் விட்டுவிடும் கேள்வி: துப்பாக்கி யார் கையில் இருந்தது? பாரிஸில் ஒழுங்கைக் காக்க வேண்டிய தேசியக் காவல்படையில் கடைக்காரர்களும் சிறு தொழில் நடத்துவோரும் நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. பிப்ரவரி 23-ஆம் தேதி அவர்களே 'சீர்திருத்தம் வாழ்க' என்று முழங்கினார்கள். அன்றே தலைமை அமைச்சர் கீஸோவை மன்னர் நீக்கினார். என் கணக்கில் ஆட்சி விழுந்தது அந்த இடத்தில்தான்.

இதைச் சரிபார்க்க, புரட்சி வராத நாட்டோடு ஒப்பிடுங்கள். பிரிட்டனில் 1832-லேயே நடுத்தர வர்க்கத்தில் பலருக்கு வாக்கு வந்துவிட்டது. தானிய இறக்குமதிக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றி வைத்திருந்த தானியச் சட்டங்களும் 1846-ல் ரத்தாயின. 1848 ஏப்ரல் 10-ல் வாக்குரிமை கேட்டு சாசன இயக்கத்தார் (சார்ட்டிஸ்ட் என்ற தொழிலாளர் இயக்கத்தினர்) லண்டனில் திரண்டபோது, கடைக்காரர்கள் சிறப்புக் காவலர்களாகப் பதிவு செய்துகொண்டு அரசின் பக்கம் நின்றார்கள்.