கிளவுட் கம்பெனிகளை ஒப்பிடும்போது பாரிமுனை அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்ட் (கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தருகிறவர்) அலுவலகங்களில் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, மாறலாம் என்று பேச்சு வந்ததும், மூன்று கம்பெனிகளின் மாத வாடகையை எக்ஸெல்லில் பக்கத்துப் பக்கத்தில் போடுவார்கள். எது குறைவோ அதற்கு டிக். அந்த ஷீட்டில் இருக்கும் எண்கள் சரியாகவே இருக்கும். நம் அலுவலகத்தின் வேலைதான் அதில் எங்கும் இருக்காது. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான கஸ்டம்ஸ் படிவம்), டேலி கணக்கு மென்பொருள், ஸ்கேன் செய்த இன்வாய்ஸ், சாயங்கால நெருக்கடி இவற்றை வைத்து ஒப்பிட்டால் வரிசை மாறிவிடும்.

“4 ஜிபி, 2 சிபியு” என்று எழுதி மூன்று ரேட் வாங்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் டி3.மீடியம் என்ற வகைச் சர்வருக்கு 2 விசிபியு (வாடகைச் சர்வருக்கு ஒதுக்கும் சிபியு) உண்டு. ஆனால் அந்த வாடகைக்கு ஒவ்வொன்றையும் தொடர்ந்து 20% அளவுக்குத்தான் ஓட்டலாம். சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் (கூடுதல் வேகத்துக்கான சேமிப்பு) சேரும், வேலை வரும்போது கரையும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரின் பி வரிசையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. நாளுக்குப் பத்து வவுச்சர் போடும் இடத்துக்கு இது தாராளம். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக 11, 20 தேதிகளை ஒட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் டேலியில் உட்கார்ந்தால் கிரெடிட் தீர்ந்துவிடும். கிரெடிட் தீர்ந்த பிறகும் வேகமாக ஓடவிடும் அமைப்பு டி3-யில் முதலிலிருந்தே போடப்பட்டிருக்கும், அதை மாற்றாமல் விட்டிருந்தால் கூடுதல் பணம் ஏறும். அதை அணைத்து வைத்திருந்தால் சர்வர் இழுக்கும். ஆகவே அந்த இரண்டு தேதிகளும் கடந்துபோகும்வரை மணிக்கணக்கு வாடகையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு வருடம், மூன்று வருடம் என்று தள்ளுபடிக்காகக் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.

ரேட் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் லினக்ஸ் ரேட். டேலிக்கு விண்டோஸ் வேண்டும், அதற்கு லைசென்ஸ் காசு மேலே ஏறும். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு என்று ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் ரிமோட்டில் நுழையலாம். ஆறு பேர் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமானால் ஆர்டிஎஸ் (பலர் ஒரே நேரத்தில் ரிமோட்டில் வேலை பார்ப்பதற்கான) லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். கோட்டேஷனில் இந்த வரி இருக்கிறதா என்று கேட்காமல் யாரோடும் ஒப்பிடாதீர்கள். கணக்கைத் திறந்த அன்றே ஜிஎஸ்டி எண்ணைப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பில்லில் கட்டிய 18% ஜிஎஸ்டியை இன்புட்டாகக் கழிப்பதில் சிக்கல் வரும்.

சர்வர் இருக்கும் தூரத்தைப் பற்றி இரண்டு விதமான தவறான எண்ணம் இருக்கிறது. அஸூருக்குச் சென்னையிலேயே ரீஜியன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) உண்டு, அதனால் அதுதான் வேகம் என்பது ஒன்று. எங்கே இருந்தால் என்ன என்று, மலிவாகக் கிடைக்கும் அமெரிக்க ரீஜியனைப் பிடிப்பது இன்னொன்று. ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்வர ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஏடபிள்யூஎஸ், கூகுள் இரண்டுக்கும் மும்பையில் ரீஜியன் இருக்கிறது. அங்கே போய்வரும் நேரம், வழியில் சுற்றினாலும், டைப் அடிப்பவருக்குத் தெரியாது. வர்ஜீனியா என்றால் 200 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும், அடித்த எழுத்து திரையில் வரத் தாமதிப்பது கண்ணுக்கே தெரியும். இதை முடிவு செய்ய வேண்டியவர் முதலாளியும் இல்லை, விற்க வந்தவரும் இல்லை. தினமும் என்ட்ரி போடுகிறவரை உட்கார வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, இருபது ஐட்டம் உள்ள ஒரு நிஜ இன்வாய்ஸை அலுவலக பிராட்பேண்டில் போடச் சொல்லுங்கள். பிறகு தெருவில் கேபிள் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

ரீஜியன் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி எதுவானாலும், கணினியில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் இது. சிங்கப்பூர் மலிவு என்று போகிறவர்கள் முதலில் ஆடிட்டரிடம் பேசட்டும்.

சர்வர் நிற்காமல் ஓடும் நேரத்துக்குத் தரும் “99.99% கேரண்டி” என்பதை எழுத்தெண்ணிப் படியுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் வாடகைச் சேவையான இசி2-வில் அந்த எண், குறைந்தது இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில் (ஒரே ரீஜியனுக்குள் தனித்தனியாக இருக்கும் டேட்டா சென்டர் தொகுப்புகள்) சர்வர் ஓட்டுகிறவருக்கு. ஒற்றைச் சர்வருக்கு 99.5%. 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் நின்றாலும் வாக்கு மீறியதாகாது. மீறினாலும் கிடைப்பது பில்லில் ஒரு பங்கு கிரெடிட், அதுவும் நாம் கேட்டு வாங்க வேண்டும். நம் பக்கத்து நஷ்டம் வேறு மாதிரி. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்கான கஸ்டம்ஸ் படிவம், தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு 10,000 ரூபாய். கடைசி நேரத்தில் ஃபைல் செய்யும் பழக்கமுள்ள அலுவலகம் சர்வரை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்ற ஒரு லேப்டாப்பில் மாற்று ஏற்பாடு இருக்கட்டும், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனோடு.

பேக்கப் தானாக நடக்கும் என்ற நம்பிக்கைதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை மணலி, திருவொற்றியூர் பக்கம் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். சர்வர் சென்னையில் என்றால் பேக்கப் புனேயிலோ மும்பையிலோ இருக்க வேண்டும். அந்தச் செலவையும் ஒப்பீட்டில் சேருங்கள், இரண்டாவது நகரத்து வாடகை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். கஸ்டம்ஸ் புரோக்கர் ஐந்து வருட ஆவணம் வைத்திருக்க வேண்டும். அதை மலிவான ஆர்க்கைவில் (அடிக்கடி தொடாத ஃபைலுக்கான சேமிப்பு) போடுவது சரிதான், ஆனால் ஏடபிள்யூஎஸ்ஸின் டீப் ஆர்க்கைவில் போட்டதை எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும், இன்னும் மலிவான வழியில் எடுத்தால் 48 மணி நேரம் வரை. அதிகாரி இன்றே கேட்கும் ஃபைல் அங்கே இருக்கக் கூடாது.

கிளவுடுக்கு உள்ளே டேட்டா ஏற்றுவதற்குக் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. ஏடபிள்யூஎஸ்ஸில் மாதம் 100 ஜிபி வரை இலவசம், அதற்கு மேல் மும்பை ரீஜியனில் ஜிபிக்கு ஏறத்தாழ 11 சென்ட். ஸ்கேன் ஃபைல்களை வாடிக்கையாளர்கள் டவுன்லோட் செய்து மாதம் 500 ஜிபி போனால் 43 டாலருக்கு மேல் வரும், சின்னச் சர்வரின் வாடகையையே அது தாண்டலாம். மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுவதாக கூகுள், ஏடபிள்யூஎஸ், அஸூர் மூன்றும் 2024-ல் அறிவித்தன. டேட்டாவை நகர்த்தத் தொடங்கும் முன்பே அவர்களுக்கு எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.