தஞ்சாவூர் வெயிலில் சவர்டோ ரொட்டி

இட்லி மாவு புளிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு சவர்டோ, அதாவது கடை ஈஸ்ட் போடாமல் புளித்த மாவாலேயே பொங்கவைக்கும் ரொட்டி, பெரிய வித்தை இல்லை. முழுக் கோதுமை மாவும் தண்ணீரும் 50 கிராம் வீதம் கலந்து பாட்டிலில் வையுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு (மனசு கேட்காதுதான்) மாவு 25, தண்ணீர் 25 கிராம் சேர்த்துவந்தால் ஒரு வாரத்தில் நுரைத்து இரண்டு மடங்காகப் பொங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேருங்கள்.

அப்புறம் 500 கிராம் மாவு, 350 கிராம் தண்ணீர், இந்தப் புளித்த மாவில் 100, உப்பு 10 சேர்த்துப் பிசைந்து பொங்க வையுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் 8 மணி நேரக் கணக்கெல்லாம் டெல்டாவின் சித்திரை வெயிலுக்கு ஆகாது, 3 மணி நேரத்திலிருந்தே எட்டிப் பாருங்கள், விட்டால் கூழாகிவிடும்.

பொங்கியதும் மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து ஓவனில் 230 டிகிரி, மூடி 25 நிமிடம், திறந்து 20. புளிப்பதால் கோதுமையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனாலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவுதான். ஆறாமல் வெட்டாதீர்கள், உள்ளே பிசுபிசுக்கும்.