கார் கழுவும் செறிவூட்டிய திரவங்கள்: எந்த வேலைக்கு எவ்வளவு தண்ணீர் கலப்பது?

ஐந்து லிட்டர் கேனில் வரும் செறிவான கார் ஷாம்புவையும் ஆல் பர்பஸ் கிளீனரையும் வாங்குகிறவர்கள் லிட்டருக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு மூடி ஊற்றுவது, நுரை போதவில்லை என்றால் இன்னும் ஒரு மூடி ஊற்றுவது என்று கண்ணளவில் கலக்கத் தொடங்கிவிடுவதால் அந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே பொய்த்துப்போகிறது. பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, அளவு மிஞ்சிய கரைசல் மெழுகுப் பூச்சை அரிக்கலாம், கறுப்பு பிளாஸ்டிக்கை வெளிறச் செய்யலாம், கண்ணாடியில் கோடு கோடாகப் படியலாம். எனவே, கலப்பதற்கு முன் விகிதத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

லேபிளில் 1:10 என்று இருந்தால், ஒரு பங்கு திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர், ஆக மொத்தம் 11 பங்கு என்பது வழக்கமான பொருள். 500 மில்லி ஸ்பிரே பாட்டிலை நிரப்புவதற்கு 500ஐ 11ஆல் வகுத்தால் ஏறத்தாழ 45 மில்லி வருகிறது, மீதி தண்ணீர். அதே பாட்டிலுக்கு 1:4 என்றால் 100 மில்லி. லேபிள் 10% என்று சொன்னால் அது 1:9 ஆகும்; அப்போது 50 மில்லி வேண்டும். 1:200 போன்ற பெரிய விகிதங்களில் இந்த ஒரு பங்கு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 1:3, 1:4 போன்ற சிறிய விகிதங்களில் மட்டும் கவனம் தேவை. அளப்பதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும். கேனின் மூடி எத்தனை மில்லி பிடிக்கும் என்பதை அதே சிரிஞ்சால் ஒருமுறை அளந்து, கேனின் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மூடியின் அளவு கேனுக்குக் கேன் மாறுகிறது.

வாளியில் கரைத்துக் கழுவும் சாதாரண ஷாம்புவில் குழப்பம் அதிகமில்லை. 1:200 என்று குறிப்பிட்ட ஷாம்புவுக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் 50 மில்லியும், 1:500 என்றால் 20 மில்லியும் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால் சில ஷாம்புகள் குறைவாகவே நுரைக்கும். அதைப் பார்த்து அளவைக் கூட்டுவது பலரும் செய்கிற தவறு. கையில் எடுத்தால் வழுக்கும் தன்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே தவிர, நுரையின் உயரத்தைப் பார்க்கக் கூடாது. துணிக்கும் பெயிண்டுக்கும் இடையே மணல் துகள் உராயாமல் காப்பது அந்த வழுக்கல்தான்.

ஸ்னோ ஃபோம், அதாவது பிரஷர் வாஷரில் பாட்டில் பொருத்திய ஃபோம் கன்னால் காரின் மேல் படியவைக்கும் கெட்டி நுரை, அடிப்பவர்கள்தான் உண்மையில் கணக்குப் போட வேண்டியவர்கள், ஏனென்றால் அங்கே திரவம் இரண்டு முறை நீர்க்கிறது. ஃபோம் பாட்டிலில் நாம் ஒருமுறை தண்ணீர் சேர்க்கிறோம். பிரஷர் வாஷரிலிருந்து பாயும் தண்ணீர், பாட்டிலில் உள்ளதை உறிஞ்சி வெளியே தள்ளும்போது மறுமுறை சேர்கிறது. இந்த இரண்டாவது சேர்க்கை எவ்வளவு என்பது வாஷருக்கு வாஷர், கன்னுக்குக் கன், மேலே உள்ள திருகின் நிலைக்கு ஏற்ப மாறும் என்பதால், லேபிளில் உள்ள எண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஃபோம் பாட்டிலில் ஷாம்பு எதுவும் இல்லாமல் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமாக வைக்கும் நிலையில் திருகை வைத்து, கன்னின் முனையை ஓர் அகலமான பெரிய டப்புக்குள் இறக்கிப் பிடித்து, பாட்டில் காலியாகும் வரை அடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்பதால் நுரை மறைக்காது. பிறகு டப்பில் சேர்ந்ததை ஒரு லிட்டர் மக்கால் மொண்டு எண்ணினால், எடுத்துக்காட்டாக 12 லிட்டர் வந்திருந்தால், பாட்டிலில் இருந்த ஒரு லிட்டர் காரின் மேல் விழும்போது 12 லிட்டராகிறது என்று பொருள். காரின் மேல் 1% கரைசல் விழ வேண்டுமென்றால் 12 லிட்டருக்கு 120 மில்லி ஃபோம் தேவை. ஆகவே பாட்டிலில் 120 மில்லி ஃபோமும் 880 மில்லி தண்ணீரும் ஊற்ற வேண்டும். இதே கருவியில், பாட்டிலுக்குள் 1:10 என்று கலந்திருந்தால் கார் மேல் விழுவது ஏறத்தாழ 1:130 மட்டுமே. ஃபோம் நன்றாகத்தான் நிற்கிறது, அழுக்கு மட்டும் போகவில்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஃபோமை உலர்ந்த காரின் மேல் நிழலில் அடிப்பதே நல்லது. ஈரமான பரப்பில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் மூன்றாவது முறையாக நீர்க்கச் செய்துவிடும். அடித்த ஃபோம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

ஆல் பர்பஸ் கிளீனர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. டயர், சக்கர வளைவின் உட்பகுதி போன்ற இடங்களுக்கு 1:4, கதவு இடுக்குகளுக்கும் ஃபுட் மேட்டுக்கும் 1:10, டேஷ்போர்டு, கதவுப் பலகை, சீட்டுத் துணி ஆகியவற்றுக்கு 1:20 என்று தொடங்கி, உற்பத்தியாளர் சொல்லும் எல்லைக்குள் தேவைக்கேற்பக் கூட்டலாம். எப்போதும் நீர்த்த கரைசலிலிருந்தே தொடங்க வேண்டும். கறை போகவில்லையென்றால் அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம், போன நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. லெதர் சீட்டில் வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பார்த்து, துணியில் சாம்பல் நிற அழுக்கு வந்தால் தொடரலாம். சீட்டின் நிறமே ஏறினால் நிறுத்திவிட வேண்டும். உள்ளே நேரடியாக ஸ்பிரே செய்யாமல் துணியில் தெளித்துத் துடைத்து, உடனே ஈரத்துணியால் ஒருமுறை எடுத்துவிட்டால் வெள்ளைப் படிவு தங்காது. பூச்சு இல்லாத அலுமினியத்தின் மேலும், வெயிலில் சூடான பரப்பின் மேலும் இதைக் காயவிடவே கூடாது.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஹோஸ் பிடித்துக் கார் கழுவுவது எவ்வளவு கூசத்தக்க செயல் என்பது பலருக்கும் உறைத்தது. அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் இத்தகைய சூழலுக்கு மிகவும் ஏற்றது. ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்றவற்றின் வழக்கமான அளவு 1:256, அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லிக்குச் சற்றுக் குறைவு. அதையே 1:64 அளவில், லிட்டருக்குச் சுமார் 15 மில்லி என்று கலந்தால் கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்ப்பதற்கான வழுக்குநீராகப் பயன்படும். சேறு அப்பிய காருக்கு மட்டும் இது பொருந்தாது. முதலில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை இறக்கியே ஆக வேண்டும்.

டயருக்குப் பளபளப்பு தரும் டயர் டிரெஸ்ஸிங்கில், தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதைத் தண்ணீர் கலக்காமல் டயருக்கும், சமபங்கு தண்ணீர் கலந்து பம்பர் பிளாஸ்டிக்குக்கும் இடலாம். நீர்க்க நீர்க்கப் பளபளப்பு குறையும். சிலிகான் எண்ணெயைக் கரைப்பானில் கலந்து செய்தவற்றில் தண்ணீர் சேராது. இரும்புத்துகள் நீக்கும் திரவம் பொதுவாக அப்படியே பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது.

ஸ்பிரே பாட்டில்களுக்கு ஆர்ஓ சுத்திகரித்த தண்ணீர் சிறந்தது. ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரை மிச்சப்படுத்திக் கார் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நோக்கம் பாராட்டத்தக்கதே ஆயினும், வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருப்பதால், கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தினால் வெள்ளைப் புள்ளிகள் மிகும்.

கலக்கும்போது முதலில் தண்ணீரையும் பிறகு திரவத்தையும் ஊற்றினால் நுரை வழியாது, செறிவான திரவம் கையிலும் கண்ணிலும் தெறிக்கும் வாய்ப்பும் குறையும். அமிலத்தன்மை உள்ள வீல் கிளீனருக்கு இந்த வரிசை கட்டாயம். அத்தகைய கிளீனரை பிளீச்சிங் கலந்த எதனோடும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வெளிவரும். நீர்த்த கரைசலில் கெடாமல் காக்கும் பொருளும் நீர்த்துவிடுவதால், சில வாரங்களில் நாற்றம் எடுக்கலாம். தீரும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்வது நல்லது. மிஞ்சியதைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிவைப்பது பெரும் ஆபத்து. குழந்தை எடுத்துக் குடித்துவிடும். தனி ஸ்பிரே பாட்டிலில் பெயர், விகிதம், கலந்த தேதி மூன்றையும் எழுதி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.