‘பாதுகாப்பு’ என்று எழுதுமுன் ஒரு நிமிடம்: அணுசக்தி வரலாற்றில் நேரும் தவறுகள்

அணுசக்தியில் நாடுகள் எப்படிக் கைகோத்தன, யாரை யார் கண்காணித்தார்கள் என்ற வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் சறுக்கல் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆங்கில மூல ஆவணங்களில் அந்த இடத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள் இருக்கும். சேஃப்டி என்றால் விபத்து நேராமல் பார்த்துக்கொள்வது. செக்யூரிட்டி என்றால் திருட்டும் நாசவேலையும் நடக்காமல் காப்பது. சேஃப்கார்ட்ஸ் முற்றிலும் வேறு வேலை. மின்சாரத்துக்கு என்று சொல்லி வைத்திருக்கும் யுரேனியமும் புளூட்டோனியமும் குண்டு செய்யத் திருப்பப்படவில்லை என்று கணக்குப் பார்த்து, சீல் வைத்து, கேமரா பொருத்திச் சரிபார்ப்பது அது.

மூன்றையும் ஒரே சொல்லில் குறித்து வைத்தால், 1986 செர்னோபில் விபத்தை சேஃப்கார்ட்ஸ் ஆய்வாளர்களின் தோல்வியாக எழுதிவிடுவோம். விபத்தைத் தடுப்பது அவர்கள் வேலையே அல்ல. அதனால் சேஃப்கார்ட்ஸை நான் ‘காப்புக் கண்காணிப்பு’ என்று பிரித்தே எழுதுகிறேன். வேறு சொல் பிடித்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிரித்து வையுங்கள்.

அடுத்தது, காலத்தைக் குழப்புவது. இந்தக் காப்புக் கண்காணிப்பை நடத்தும் சர்வதேச அணுசக்தி முகமையும், அணுகுண்டு புதிய நாடுகளுக்குப் பரவாமல் தடுக்கும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் ஒன்றாகப் பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். முகமையின் சட்டவிதி நடைமுறைக்கு வந்தது 1957 ஜூலை 29இல். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1970 மார்ச் 5இல். இடையில் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் ஒரு நாட்டின் மொத்த அணுப்பொருளுக்கும் பொதுவான முகமைக் கண்காணிப்பு பெரும்பாலும் இல்லை. இந்த உலைக்கு இந்த நிபந்தனை என்று பெரும்பாலும் தனித்தனியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

இந்தியாவின் சைரஸ் ஆய்வு உலையைப் பாருங்கள். கனடா கொடுத்த உலை, அதை இயக்கத் தேவையான கனநீர் அமெரிக்கா கொடுத்தது. அந்த உலைக்கான ஒப்பந்தம் போட்டது 1956இல், அதாவது முகமை பிறப்பதற்கு முன்பே. அமைதிப் பணிக்கு மட்டும் என்ற வாக்குறுதி அதில் உண்டு. முகமையின் ஆய்வு கிடையாது. 1974இல் இந்தியா நடத்திய அணுவெடிப்புச் சோதனைக்கான புளூட்டோனியம் அந்த உலையிலிருந்து வந்தது. ‘முகமை கோட்டைவிட்டது’ என்று இதை எழுதுவது தவறு, அந்த உலைக்குள் நுழைய அதற்கு உரிமையே இல்லை. அந்தச் சோதனைக்குப் பிறகுதான் ஏற்றுமதி நாடுகள் கூடி அணுசக்தி வழங்கும் நாடுகள் குழுவை அமைத்தன.

அறிக்கைகளின் வாசகத்தை நீட்டிப் படிப்பதும் இதே அளவு ஆபத்தானது. ‘திசைதிருப்பல் எதுவும் காணப்படவில்லை’ என்று முகமையின் ஒரு பழைய அறிக்கை சொன்னால், அந்த நாடு கணக்கில் காட்டிய பொருளில் எதுவும் குறையவில்லை என்று மட்டுமே பொருள். கணக்கில் காட்டாததைப் பற்றி அது பேசவே இல்லை. ஈராக்கில் இதுதான் நடந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு அதன் ரகசிய அணு ஆயுதத் திட்டம் வெளிப்பட்டது. அதுவரை பரவல் தடை ஒப்பந்தத்தின்கீழ் ஆய்வும் நடந்துகொண்டேதான் இருந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து வந்ததுதான், கணக்கில் காட்டாததையும் தேட முகமைக்கு வழிசெய்த 1997இன் கூடுதல் நெறிமுறை. ஆகவே அறிக்கையில் ‘அறிவிக்கப்பட்ட’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

ஒரே நாட்டின் ஆவணக் காப்பகத்தை நம்பி உட்கார்வதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆவணங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைப்பதால் கதை அவர்கள் பக்கமே சாய்ந்துவிடுகிறது. 1946 ஜூன் 14இல், அணுசக்தியைச் சர்வதேசக் கட்டுப்பாட்டில் வைக்கும் அமெரிக்காவின் பரூக் திட்டம் முன்வைக்கப்பட்டது, சோவியத் மறுத்தது என்று முடித்துவிடுகிறோம். ஆனால் ஐந்தே நாளில் சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்தார். முதலில் குண்டுகளைத் தடைசெய்து அழிப்போம், பிறகு கட்டுப்பாடு என்றார் அவர். முதலில் கட்டுப்பாடு, பிறகு குண்டுகளை அழிப்பது என்றது அமெரிக்கா. சண்டை எது முந்தி என்பதில்தான் இருந்தது, அதை இரு தரப்புத் தாள்களையும் பக்கத்தில் வைத்தால்தான் பார்க்க முடியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். முகமையின் சட்டவிதியை இன்று இணையத்தில் எடுத்தால் பெரும்பாலும் திருத்திய வடிவமே கிடைக்கும். 1963, 1973, 1989 என மூன்று திருத்தங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. முகமையை வழிநடத்தும் உறுப்புநாடுகளின் ஆளுநர் குழு 1957இல் எப்படி இருந்தது என்று எழுதுபவர் அந்த ஆண்டின் வாசகத்தையே தேடி எடுக்க வேண்டும். அந்தக் குழுவின் இன்றைய 35 இடங்கள் அன்று இல்லை.